பேட்டரியும் மனச்சான்றும்

கடலே இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நாம் மீன்பிடிப் படகைப் பற்றி எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் மண்ணைச் சற்று உற்றுநோக்கினால் கடல் நமக்கு அந்நியமன்று என்பது விளங்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிகளும் சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. டைனோசர்கள் உலவிய காலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே கடல் அலையடித்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் அக்காலப் படிவுகளில் புதையுண்டதே. கடல் பின்வாங்கிவிட்டது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்பைச் சிமெண்டு ஆலைகளுக்குச் சுமந்து செல்லும் லாரிகளே இன்று நம் சாலைகளை நிறைக்கின்றன. லாரி உள்ள இடத்தில் பேட்டரிக் கடையும் இருக்கும். அத்தகைய கடை ஒன்றில் நடந்த சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் எங்கள் ஊர்க் குழுவினருக்கு, நாகைக் கடற்கரையில் வாழும் மீனவ அன்பர் ஒருவர் பழக்கமானார். பெருமழை பெய்த ஓர் இரவில் முன்பின் அறியாத எங்களுக்குத் தம் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தவர் அவர். சிறிய ஃபைபர் படகு ஒன்று அவருக்கு உண்டு. உடன் வருவோர் இருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்கு வந்தவர், எங்கள் வீட்டில் தங்கினார். பேச்சுவாக்கில், "லாரி ஊராச்சே, பழைய பேட்டரி சல்லிசாக் கிடைக்குமாமே?" என்று கேட்டார். நாங்களே அவரைக் கடைக்கு அழைத்துச் சென்றோம்.

கடைக்காரர் முதியவர். நண்பர் கைவைத்த பேட்டரியைப் பார்த்துவிட்டு, "எதுக்குத் தம்பி இது?" என்றார்.

"போட்டுக்குங்க ஐயா. ஒரு வயர்லெஸ், ஜி.பி.எஸ்., ரெண்டு விளக்கு. அவ்வளவுதான்."

"அப்ப இது ஆகாது. இது லாரியைக் கிளப்பி விடுற பேட்டரி. கொஞ்ச நேரம் காளை மாதிரி இழுக்கும். ராத்திரி முழுக்க நிதானமா நடன்னு சொன்னா சீக்கிரம் படுத்துடும். ஆழமா டிஸ்சார்ஜ் தாங்குறது வேற இருக்கு. விலை கூட. ஆனா கடலுக்குப் போறது நீங்க."

விலை மிகவும் கூடுதல்தான். நண்பர் தயங்கினார். அத்தயக்கத்தை முடித்து வைத்தவர்கள் நாங்களே. "இப்போதைக்கு இது போதும் ஐயா, அடுத்த வருசம் நல்லது வாங்கிக்கலாம்" என்று சொல்லி, விலையில் மேலும் நூறு ரூபாய் குறைக்கச் செய்து, உதவி புரிந்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினோம்.

அந்தப் பேட்டரி சில மாதங்கள் உழைத்தது. படகில் வந்த இளைஞன் ஒருவன், "அண்ணே, வயர்லெஸ்ஸுல குரல் கம்முது, விளக்கும் மங்குது" என்று இருமுறை சொன்னானாம். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்றாராம் நண்பர். ஐப்பசி மாதத்து இரவு ஒன்றில், டீசலில் இருந்த தூசியால் இன்ஜின் நின்றது. பக்கத்துப் படகை அழைக்க வயர்லெஸ்ஸை எடுத்தபோது அதுவும் செத்துப்போயிருந்தது. விளக்கும் அணைந்தது. விடியும்வரை மூவரும் இருளில் மிதந்தார்கள். பெரிய விசைப்படகு ஒன்று தங்களைக் காணாமலேயே மிக அருகில் கடந்துபோனதாகவும், அதன் அலையில் படகு ஒருக்களித்து நிமிர்ந்ததாகவும் நண்பர் பின்னர் சொன்னார். காலையில் ஊர்க்காரர்கள் கண்டு இழுத்து வந்தனர். உயிருக்குச் சேதமில்லை.

"மாதா காப்பாத்திட்டாங்க" என்று அவர் சொன்னபோது நாங்கள் தலையசைத்தோம். ஆனால் வீடு திரும்பியபின் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. யாரும் சாகவில்லை, ஆகவே யாரும் தவறு செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

இதே கேள்வியை 1877-ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேயர் எழுப்பினார். வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் என்னும் கணித அறிஞர் அவர். நம்பிக்கையின் அறநெறி பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். குடிபெயரும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிச் செல்லவிருக்கும் அவருடைய கப்பல் பழையது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. அதைப் பற்றிய ஐயம் அவர் உள்ளத்தை உறுத்துகிறது. ஆனால் சோதித்துப் பார்க்கச் செலவாகும். எனவே, இத்தனை பயணங்களில் பத்திரமாகத் திரும்பிய கப்பல் இம்முறையும் திரும்பும் என்றும், இறைவனின் பராமரிப்பு அக்குடும்பங்களைக் கைவிடாது என்றும் தமக்குத் தாமே சொல்லிச் சொல்லி, உண்மையாகவே அப்படி நம்பத் தொடங்கிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு வாய்மூடி இருக்கிறார்.

அவர் குற்றவாளி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவரது நம்பிக்கை போலியன்று என்பதும் உண்மை. ஆனால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஏனெனில் அது தேடிப் பெற்ற நம்பிக்கை அன்று, ஐயத்தை அடக்கிப் பெற்ற நம்பிக்கை. கிளிஃபர்ட் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். கப்பல் மூழ்காமல் பத்திரமாய்க் கரைசேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளியே. கண்டுபிடிக்கப்படாத குற்றவாளி, அவ்வளவே வேறுபாடு என்கிறார்.

கிளிஃபர்ட் நம் விசுவாசத்துக்கு நண்பர் அல்லர். சமய நம்பிக்கையைச் சாடவே அவர் அக்கட்டுரையைப் பயன்படுத்தினார். ஆயினும் இவ்விடத்தில் அவர் சொல்வதை நாம் மறுக்க இயலாது. பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், செய்யத் தவறியவற்றையும் சேர்த்து மார்பில் அறைந்துகொள்பவர்கள் நாம். அத்தவறு கடலில் விளக்கு அணைந்த இரவில் தொடங்கவில்லை. "குரல் கம்முது" என்று இளைஞன் சொன்ன நாளிலேயே தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னர், முதியவர் எச்சரித்தும் நாங்கள் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசிய நாளில் தொடங்கிவிட்டது.

ஆயின், தவறாதிருக்க ஒருவர் அறிய வேண்டியது எவ்வளவு? அதிகமில்லை என்பதே வியப்பு.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈய-அமில மின்கலமே இன்றும் பெரும்பாலான படகுகளில் உள்ளது. லாரியின் இன்ஜினைக் கிளப்பும் வகையில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தரும். ஆழமாகச் செலவழிக்கவல்ல வகையில் தகடுகள் தடித்தவை. சிறு மின்னோட்டத்தை நெடுநேரம் தரும். வயர்லெஸ்ஸுக்கும் விளக்குக்கும் வேண்டியது இரண்டாவதே. ஆடும் படகில் அமிலம் சிந்தாத மூடிய வகை மேலும் பாதுகாப்பானது.

அளவைக் கணக்கிடுவதும் எளிது. கேட்கும் நிலையில் உள்ள வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுப்பதாகக் கொண்டால், 12 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி ஆகும். ஈய-அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும். எனவே 48 வேண்டும். வயர்லெஸ்ஸில் பேசும்போது மின்னோட்டம் பல மடங்கு ஏறும், பேட்டரியும் முதுமையடையும். இவற்றையும் எண்ணினால் 60 முதல் 75 ஆம்பியர்-மணி உள்ளதே தகும். இப்போது வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை குறைந்தது. அதன் கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் விலை அதிகம், அதற்குரிய சார்ஜரும் வேண்டும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை இவை. மூடி திறக்கும் பேட்டரியாயின் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுதல்; கிணற்று நீரோ அமிலமோ கூடாது. உப்புக் காற்றில் முனைகளில் படியும் பொடியைத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுதல். அலையில் நகராதபடி கட்டி, நீர் தேங்கும் அடித்தளத்துக்கு மேலே பெட்டியில் வைத்தல். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் காற்றோட்டம் விடுதல். கடலிலிருந்து வந்ததும் தாமதமின்றிச் சார்ஜ் செய்தல். காலியாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப் பேட்டரி மீளாமல் போகும். சிறிய மீட்டர் ஒன்றால் அளந்து பார்த்தல்: சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழ் என்றால் கடலுக்குக் கொண்டுபோகலாகாது.

இவ்வளவே. இதில் பெரிய படிப்பு எதுவும் இல்லை. வாரத்துக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் இக்கால்மணி நேரத்தை யாரும் பார்ப்பதில்லை, யாரும் பாராட்டுவதில்லை. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடப்பதில்லை. வலை நிறைய மீன் கொண்டுவருபவனைக் கரை கூடி வரவேற்கும். பேட்டரி முனையைத் துடைத்தவனுக்கு யார் மாலை இடுவார்? இதனால்தான் இக்கடமை எளிதில் தவறுகிறது. விளக்கோடு மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியர் உவமையை நாம் நன்கறிவோம். அறிவிலிகள் ஐவரும் தீமை எதுவும் செய்தவர்களல்லர். எண்ணெயைக் கூடுதலாக எடுத்துச் செல்லவில்லை, அவ்வளவே. அந்த நேரத்தில் தோழியரிடம் கடன் கேட்டும் பயனில்லை. நடுக்கடலிலும் கடன் தருவார் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏழையிடம் போய் விலையுயர்ந்ததை வாங்காதது பாவம் என்று சொல்வது முறையா? டீசல் விலையும், வலைக் கடனும், மீன்படாத வாரங்களும் அறியாதவர்கள் கரையில் அமர்ந்து அறம் பேசுவது எளிது. உண்மைதான். ஒருவரின் கடமை அவருடைய இயலுமையைத் தாண்டாது. வாங்க முடியாதவர் வாங்கவில்லை என்று எவரும் குறைகூற முடியாது. ஆனால் அதனோடு இரண்டு செய்திகளைச் சேர்த்து எண்ண வேண்டும். ஒன்று, துடைப்பதற்கும் அளப்பதற்கும் சார்ஜ் செய்வதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை, ஏழையாலும் ஆகும். எளிய பேட்டரியே ஆயினும், அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அறிந்தவன் அதற்குள் கரை திரும்புவான். மற்றொன்று, கடற்கரை ஊர்களில் பிடிபட்ட மீனின் விலையைப் பங்கிடும்போது ஆட்களுக்குப் போலவே படகுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கும் வழக்கம் உண்டு. அப்பங்கு உரிமையாளரின் இலாபம் மட்டுமன்று. உடன் வருவோரின் உயிரைக் காக்கும் செலவும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அதை வேறு வழியில் செலவிட்டால், தம் பணத்தைச் சேமித்தவராக ஒருவர் எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவர் அந்த இளைஞனின் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டார்.

எங்கள் குற்றம் இதனினும் தெளிவானது. நாங்கள் ஏழைகளாக இருந்து அந்த முடிவைச் செய்யவில்லை. நாங்கள் அந்தப் படகில் ஏறப்போவதும் இல்லை. பிறர் உயிருக்கு எது போதும் என்று கரையிலிருந்து தீர்ப்பிட்டோம். திண்ணை தந்தவருக்குக் கைம்மாறாக, விலை வேறுபாட்டில் ஒரு பகுதியை நாங்களே ஏற்றிருக்கலாம். அந்த எண்ணமே எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறந்துவிடவில்லை. தமிழகம், கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டனர் அல்லது திரும்பவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆலயங்களில் ஒரே பங்கினர் பலருக்காக அழுகை எழுந்தது. அவர்களுள் பலர் பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றவர்கள். புயல் விரைந்து உருவானது. எச்சரிக்கை எட்டும் தொலைவில் அவர்கள் இல்லை. சாதாரண வயர்லெஸ், கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பயன்படாது. அங்கே பேட்டரியில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. அதன் பின்னரே செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பும், இஸ்ரோ வடிவமைத்த கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. ஒரு இலட்சம் படகுகளில் அவற்றைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது.

தம்மால் ஆனதையெல்லாம் செய்தபின்னும் கடல் கொண்டுபோனவர்கள் மீது குற்றம் இல்லை. எதையும் செய்யாதிருந்தும் கடல் விட்டுவைத்தவர்கள் குற்றமற்றவர்கள் அல்லர். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு தத்துவ அறிஞர்கள் இச்சிக்கலைத் 'தார்மிக அதிர்ஷ்டம்' என்ற பெயரால் ஆராய்ந்தனர். உலகம் விளைவைப் பார்த்தே பழியும் புகழும் வழங்குகிறது. விளைவோ நம் கையில் இல்லை என்பது அவர்கள் காட்டிய முரண். நீதிமன்றம் விளைவைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். மனச்சான்று விளைவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கரையில், பகல் வெளிச்சத்தில், மீட்டரைக் கையில் எடுத்தோமா இல்லையா என்பதை அது முன்னரே அறியும். இக்கருத்து நம்மைக் கடிந்துகொள்கிறது. ஒக்கியில் மகனை இழந்த தாய்க்கோ ஆறுதலும் தருகிறது. புயலைத் தண்டனை என்று அவளிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. படகைவிட்டு இறக்கிய பழைய பேட்டரி எங்கே போகிறது? அதில் உள்ளது ஈயம். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் அதன் புகையும் தூளும் அருகில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழையவற்றை முறையாகத் திரும்பப் பெற 2001-இலேயே விதிகள் வந்தன. 2022-இல் வந்த புதிய விதிகள் அப்பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே சுமத்தின. பழைய இரும்புக்காரர் பத்து ரூபாய் கூடுதலாகத் தருகிறார் என்று அவரிடம் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்வது நல்லது. கடலில் நம் உயிரைக் காத்த பொருள் கரையில் பிறர் பிள்ளைக்கு நஞ்சாகலாகாது.

மீண்டும் நம் சாலைகளுக்கு வருவோம். இரவில் அரியலூர்ப் பக்கம் இருசக்கர வண்டியில் வந்தவர்கள் அறிவார்கள்: ஓரமாக நிறுத்தப்பட்ட லாரியின் பின்விளக்கு எரியாதபோது அது மரணத்தின் சுவராகிறது. அதை ஓட்டியவரும், "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்றுதான் சொல்லியிருப்பார். பள்ளி வேனின் பிரேக், சமையலறையின் எரிவாயுக் குழாய், ஆலயத் திருவிழாவில் இழுத்துக் கட்டும் மின்கம்பி, முதிய தாயின் மாத்திரை டப்பா என்று ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை நம்பி யாரோ ஒருவர் நிம்மதியாக உறங்குகிறார். நாம் சோதித்திருப்போம் என்று அவர் நினைக்கிறார்.

அடுத்த ஆண்டு நடைப்பயணத்தின்போது நண்பரின் படகைப் பார்த்தோம். முகப்பில் மாதாவின் பெயர் புதுப் பெயிண்டில் இருந்தது. உள்ளே மூடிய பெட்டியில் தகுந்த பேட்டரி ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதன் விலையில் எங்கள் குழுவும் ஒரு பங்கு ஏற்றிருந்தது. பக்கத்தில் நூலில் தொங்கிய சிறு நோட்டுப் புத்தகத்தில், ஒவ்வொரு முறை புறப்படும் முன்னும் எடுத்த வோல்ட் அளவு எழுதப்பட்டிருந்தது. அட்டையின் உட்புறத்தில் கடலோரக் காவற்படையின் அவசர எண் 1554 பெரிதாக எழுதியிருந்தது. எழுதுபவன் அந்த இளைஞன்.

"பதினொண்ணு புள்ளி எட்டு காட்டிச்சுன்னு போன வாரம் இவன் என்னையக் கடலுக்கே விடலீங்க" என்றார் நண்பர், குறைபட்டுக்கொள்வதுபோல.

"விடலாமாண்ணே?" என்றான் அவன்.

நண்பர் சிரித்தார். அன்றைக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று என்றும் சொன்னார். அந்த இழப்பை அவர் மனமுவந்து ஏற்றிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.